கண்ணாடியின் மறுமுனை

முதலில், யாரும் மறுக்காதவற்றை எழுதிவிடலாம்.

அவர் கண்ணாடிக்காரர். சன்னலுக்கும் கதவுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துப் பொருத்துவது அவருடைய தொழில். பதினைந்து வயதில் ஒரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து வேலை பழகினார். இருபத்து மூன்றாவது வயதில் தனிக் கடை போட்டார். கடைக்கு ஒரு பக்கம் சாவி வெட்டுபவர், மறுபக்கம் சைக்கிள் பழுது பார்ப்பவர். வீடு கடைக்கு மேலேயே இருந்தது: இரண்டு அறைகள், ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த மூன்று சன்னல்கள். இருபத்தைந்தாவது வயதில் மணம் முடித்தார். ஒரே மகள். மனைவியின் இடது முன்கையில், மணிக்கட்டில் தொடங்கி முழங்கைக்குப் பாதி தூரம் வரை ஒரு தழும்பு உண்டு. அவர் மனைவியைக் கைநீட்டி அடித்ததில்லை என்று சிலரும், ஒரே ஒரு முறை அடித்தார் என்று சிலரும் சொல்வார்கள். மனைவி இரு தரப்பையும் மறுத்ததில்லை.

தெருவில் அவருக்கு வைரம் என்று பெயர். கண்ணாடி அறுக்கும் கட்டரின் நுனியில் இருப்பது வைரம் என்பதால் மட்டும் வந்த பெயர் அன்று. மற்றவர்கள் அளவுகோலை வைத்து, இரண்டு முறை இழுத்து, பயந்து பயந்து தட்டுவார்கள். இவர் ஒரே இழுப்பில் கீறல் போட்டு, மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். கண்ணாடிப் பலகை பிஸ்கட் முறிவது போலச் சுத்தமாக இரண்டாகும். வேடிக்கை பார்க்க நிற்பவர்கள் தங்களை அறியாமலே மூச்சை விடுவார்கள்.

ஆளுயரக் கண்ணாடியை ஒருவர் தூக்க முடியாது. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். இருவரும் ஒரு கையைக் கீழ்விளிம்பில் கொடுத்து, மறுகையால் மேல்மூலையை அணைத்துக்கொண்டு, ஒரே காலெடுப்பில் நடக்க வேண்டும். அப்போது பேச்சு தேவைப்படாது. ஒரு முனையில் இருப்பவர் தும்ம நினைத்தால்கூட மறுமுனையில் இருப்பவரின் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். கடைக்கு வந்த வேலையாட்கள் யாரும் நிலைக்கவில்லை. மணமான புதிதில் ஒருநாள், "ஒரு கை பிடிக்கிறியா?" என்று கேட்டார். அன்று மறுமுனையைப் பிடித்த மனைவி, அதன் பிறகு அதை விடவில்லை.

அவருடைய குடியை அவள் அறிந்துகொண்டது அந்த மறுமுனையிலிருந்துதான். மூக்கை ஏமாற்ற அவருக்குத் தெரியும். கடை அடைத்த பிறகு சாவிக்காரரோடு போவார்; திரும்பும்போது வாயில் கிராம்பு மெல்லுவார்; மாடிப்படியில் நிதானமாகக் காலெடுத்து வைப்பார். ஆனால் மறுநாள் காலையில் எடுக்கும் முதல் பலகையை ஏமாற்ற முடியவில்லை. அவர் விரலில் தொடங்கிய மெல்லிய நடுக்கம் கண்ணாடி முழுதும் ஓடி அவள் கையில் வந்து சேரும். எவ்வளவு குடித்திருப்பார் என்பதைக்கூட அவளால் கணிக்க முடிந்தது. கணித்து என்ன செய்ய? பலகையை இறக்கி வைக்கும்வரை வாயைத் திறக்க முடியாது. இறக்கி வைத்த பிறகு கேட்டால் சண்டை வரும். சண்டை வந்தால் அதைச் சாக்கிட்டு மறுபடியும் குடிக்கப் போவார். கேட்பதுதான் குடியை வீட்டுக்குள் கூட்டி வருகிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அதன்பின் கேட்பதை விட்டுவிட்டாள்.

அந்தக் காலத்தில் அவர்கள் வீடு ஆள் இல்லாமல் இருந்ததே இல்லை. அவர் சத்தம் போட்டால் சைக்கிள் கடைக்காரர் மேலே ஏறி வருவார். எதிர்வீட்டு அம்மா, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தன் பிள்ளைகளோடு படுக்க வைப்பார். சமையல் நடக்கவில்லை என்று தெரிந்தால் யாராவது ஒரு பாத்திரத்தை மூடிக் கொண்டுவந்து வைப்பார்கள். மறுநாள் காலையில் அவளுடைய அண்ணன் வந்துவிடுவார். அவர் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்கெழுதுபவர், நறுக்கென்று பேசுபவர்.

"என்ன மாப்பிள்ளை, நேத்தும் தண்ணியா?"

"கொஞ்சம்தான் மச்சான்."

"கொஞ்சத்துக்கா அலமாரிக் கதவு தரையில படுத்திருக்கு?"

"அது முன்னாடியே லூசா இருந்துச்சு."

"எது, கதவா, நீங்களா?"

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அவரும் சிரிப்பார். அவளும் சில நேரம் சிரித்திருக்கிறாள். மானம் போகிறது என்று அழுதுகொண்டே சிரிக்க முடியும் என்பதை அந்த வருடங்களில் கற்றுக்கொண்டாள்.

தழும்பு வந்தது ஒரு துணிக்கடையின் முகப்புக் கண்ணாடியால். காலை வேளை. கடை வாசலில் நான்கு படிகள். இரண்டாவது படியில் அவள் கை நடுக்கத்தை உணர்ந்தது. மூன்றாவது படியில் பலகை அவர் கையைவிட்டு நழுவியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டம் அப்போதுதான் அந்த இடத்தைக் கடந்து போயிருந்தது. பிள்ளைகள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவள் கையில் கிழிந்து ரத்தம் வழிந்த இடத்தை அவர் தன் சட்டையைக் கழற்றி அழுத்திப் பிடித்தார். ஆஸ்பத்திரி போகும்வரை பிடித்த பிடியை விடவில்லை. தையல் போட்ட பிறகும், வெற்றுடம்போடு வராந்தாவில் உட்கார்ந்து தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் அங்கே வந்தார். இந்த முறை கிண்டல் இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"மாப்பிள்ளை, சாயங்காலம் ஆனா எதையாவது பிடிச்சுக்கணும்னு தோணுதுல்ல? இதைப் பிடிச்சுக்கோங்க."

"இதெல்லாம் எப்பவாவதுதானே மச்சான் நமக்கு."

"இனிமே எப்பவும். இது யாரையும் அடிக்காது. கதவை உடைக்காது. நாலு பேர் முன்னாடி உங்களைத் தெருவில உருட்டாது. ஒண்ணைக் கொடுத்துட்டு ஒண்ணை வாங்கிக்கறோம். மோசமான வியாபாரமா?" பிறகு தங்கையைப் பார்த்தார். "நீ சொல்லு."

கட்டுப் போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்துப் படுத்திருந்த அவள், "மோசமில்லைண்ணா" என்றாள்.

இந்த ஏற்பாட்டில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைப்பது அவளுக்கே பிடிக்காது.

ஏற்பாடு பலித்தது. முதல் மாதத்தில் அவர் பட்ட பாட்டைச் சாவிக்காரர் வெகுகாலம் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்: இரு கைகளிலும் சிகரெட், காதில் ஒன்று, கண்ணில் நீர். ஆனால் நாள் போகப் போகக் கைநடுக்கம் நின்றது. பலகை அவள் உள்ளங்கையில் அசையாமல் இருந்தது. ஒவ்வொரு கீறலுக்கும் முன்னால் அவர், கட்டரை நனைக்கும் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு சிகரெட் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்த பிறகே கட்டரை எடுப்பார். "வண்டி சூடானாத்தான் ஓடும்" என்பார். வாடிக்கையாளர்களே தீப்பெட்டியை நீட்டினார்கள்.

வாசல் கதவுக்குப் பக்கத்து அலமாரித் தட்டில் எப்போதும் ஒரு பாக்கெட் இருக்க வேண்டும். அது தீராமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. காய்கறியோடு சேர்த்து அதையும் வாங்குவாள்.

"என்னக்கா, நீங்களும் ஊத ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கடைக்காரன் கேட்பான்.

"ஆமா, உனக்கும் சேர்த்துத்தான் ஊதுறேன். பாக்கெட்டை எடு."

அவர் படியேறி வரும்போது புகை வாசனை முன்னால் வந்துவிடும். அது வந்தால் அன்றைய மாலைக்குப் பயமில்லை என்று பொருள். அவள் உடம்பு அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. தோள்கள் தாமாகத் தளரும். மற்றப் பெண்களுக்கு மல்லிகையோ சந்தனமோ எப்படியோ, அவளுக்கு அந்த நெடி அப்படி. தட்டிலிருந்த பாக்கெட்டில் சிகரெட் குறைந்துகொண்டே வந்தால் நிம்மதி. குறையவில்லை என்றால் வேறு எதுவோ கூடுகிறது என்று பொருள். அவள் மனத்தில் அந்தக் கணக்கு ஆணி அடித்தது போல் பதிந்துவிட்டது.

சன்னல் கண்ணாடிகளை அவள்தான் துடைப்பாள். ஈரமான பழைய செய்தித்தாளால் தேய்த்தால் தாள் தேநீர் நிறத்தில் வரும். தெரு முழுக்கக் கண்ணாடியைப் பளிச்சிட வைத்தவரின் வீட்டுக்குள் வெளிச்சம் பழுப்பாகவே விழுந்தது. மகள் படிப்பதற்குப் படிக்கட்டுக்குப் போய்விடுவாள். பள்ளியில் பக்கத்தில் உட்காருகிறவள் இடம் மாறிக்கொண்டாள். ஓர் ஆசிரியை அவள் பையைச் சோதித்துப் பார்த்தார்.

"அம்மா, என் யூனிஃபார்ம் நாறுது. நான்தான் பிடிக்கிறேன்னு மிஸ் நெனச்சுட்டாங்க."

"இது ஒரு நாத்தமா? இதுக்கு முன்னாடி இருந்த நாத்தம் உனக்குத் தெரியாது."

"தெரியும். அப்பா விடும்போது எனக்கு எட்டு வயசு." மகள் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ எதிர்வீட்டு அத்தை வந்து என்னைத் தூக்கிட்டுப் போவாங்க. இப்ப யாரு வர்றா?"

யாரும் வரவில்லை. வந்து என்ன சொல்வது? அவர் சத்தம் போடுவதில்லை. நேரத்துக்கு வருகிறார், நேரத்துக்கு உண்கிறார், சன்னலோரம் அமர்ந்து புகைக்கிறார். பஞ்சாயத்துக்கு வேலையில்லாத வீடு. கீழே இருந்து குரல் கொடுத்துவிட்டுப் போவார்களே தவிர, ஏறி வந்து உட்காருகிறவர்கள் குறைந்தார்கள். உட்கார்ந்தவர்களும் தொண்டையைச் செருமிக்கொண்டு சீக்கிரம் எழுந்தார்கள். எதிர்வீட்டு அம்மா அந்தப் பக்கத்துச் சன்னலை நிரந்தரமாகச் சாத்திவிட்டார். கோபமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஆளில்லாத வீடாக என்றைக்கு ஆனது என்று ஒரு தேதியைச் சுட்டிக்காட்ட அவளால் முடியவில்லை.

சாவிக்காரர் குடித்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி மாதத்தில் இரண்டு நாள் இவளிடம் வந்து அழுவாள். போகும்போது, "நீ கொடுத்து வச்சவ. உன் வீட்டுல புகைதானே" என்பாள்.

மகள் திருமணத்துக்குச் சாமான் எழுதிக்கொண்டிருந்த ஒரு பகலில் குடியையும் புகையையும் ஒப்பிட்டு ஒரு பேச்சு நடந்தது. அண்ணன் வழக்கம்போலத் தன் வியாபாரத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "குடியை எடுத்துக்கோ. அவனும் கெடுவான், பொண்டாட்டியும் கெடுவா, ரோட்டுல போறவனும் சாவான். சிகரெட்டு யாரையாவது அடிச்சதா கேள்விப்பட்டிருக்கியா?"

அவர் மனைவி, இவளுக்கு அண்ணி, கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "அடிக்கலைங்க. ஆனா இவரு ஒரு மாடி ஏறி வர்றதுக்குள்ள ரெண்டு தடவை நிக்கிறாரே."

"வயசாகுதுல்ல."

"உங்களுக்கு அவரைவிட அஞ்சு வயசு மூப்பு. நீங்க ஓடுறீங்களே."

"நான் உன்கிட்டேருந்து ஓடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் சிரிக்கத் தொடங்கி இருமினார். இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. அண்ணி சொல்ல வந்தது அந்தச் சிரிப்போடு போய்விட்டது. அதன்பின் மார்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்தார்கள். அவர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு, சிகரெட்டை விடச் சொன்னார். கீழே வந்ததும் கண்ணாடிக்காரர் மனைவியிடம் கேட்டார்: "இதை விட்டா அது திரும்ப வந்துடும். எது வேணும், நீயே சொல்லு." அவர் மிரட்டவில்லை, உண்மையாகவே பயந்துதான் கேட்டார். அவளும் பயந்தாள். இருவரும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். வரும் வழியில் அவள் காய்கறி வாங்கினாள், அதோடு வழக்கமான பாக்கெட்டையும்.

மகளுக்குக் குழந்தை குறைமாதத்தில் பிறந்தது. பெண் குழந்தை. நுரையீரல் தேறும்வரை கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். தாத்தா அந்தப் பெட்டியை வெளியே நின்று பார்த்துவிட்டு, "மூலையில சிலிகான் பசை ஒழுங்கா பூசலை" என்றார். வேறு எதுவும் பேச அவருக்கு வரவில்லை. குழந்தை தேறி வீட்டுக்குப் போன பிறகு, பேத்தியை என்றைக்கு அழைத்து வருகிறாய் என்று கேட்க அவள் மகள் வீட்டுக்குப் போனாள்.

"அப்பா இங்க வரட்டும். வேற சட்டை போட்டுக்கிட்டு, கை கழுவிட்டு வரட்டும். அங்க நான் கொண்டு வர மாட்டேன்."

"பெத்த அப்பன் வீட்டுக்கு வர்றதுக்கு இத்தனை சட்டமா? அவரு குடிகாரரா இருந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வந்திருப்பேன்மா. குடிச்சவங்க தூங்கிடுவாங்க, தூங்கினதும் வீடு வீடாயிடும். இது அப்படியில்லை. இது செவுத்துல இருக்கு, மெத்தையில இருக்கு, உன் தலைமுடியில இருக்கு. இப்ப நீ தூக்கினதுக்கே அவ இருமுறா."

அவள் குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். கணவரிடம், "குழந்தைக்கு வெளிக்காத்து ஆகாதாம், கொஞ்ச நாள் போகட்டும்" என்று மட்டும் சொன்னாள்.

"வெளிக்காத்தா, உள்காத்தா?" என்று கேட்டார். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அன்று அவர் சிகரெட்டை நிறுத்தினார். யாரிடமும் சொல்லவில்லை. குடித்த காலத்தில், இன்றோடு விட்டேன் என்று அவர் சத்தியம் செய்யாத வாரம் இல்லை. சொல்லிவிட்டு மீறிய அவமானத்தை அவர் நிறையப் பார்த்திருந்தார். இந்த முறை முடித்துவிட்டுச் சொல்லலாம், பேத்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். வாய் ஊறும்போது கிராம்பை மென்றார். இதெல்லாம் பின்னால் தெரிந்தவை.

அவளுக்கு அப்போது தெரிந்தது இவ்வளவே: அலமாரித் தட்டில் இருந்த பாக்கெட் குறையவில்லை. கணவர் சரியாகச் சாப்பிடவில்லை, சுள்ளென்று விழுகிறார், படுத்தால் புரளுகிறார். சட்டையில் கிராம்பு வாசனை. ஆணி அடித்த கணக்கு அவளுக்குள் தானாகக் கூட்டிக்கொண்டது. பேத்தியை வீட்டுக்கு அழைத்து வரவில்லை என்ற துக்கத்தில் மறுபடியும் சாவிக்காரரோடு போய்விட்டார் என்று நினைத்தாள். சாவிக்காரர் அந்த வாரம் முழுதும் காய்ச்சலில் படுத்திருந்தது அவளுக்குத் தெரியாது. விசாரிக்கவும் இல்லை. கேட்பதை விட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

ஒரு நடன வகுப்புக்கு ஆளுயர நிலைக்கண்ணாடி பொருத்த வேண்டியிருந்தது. மூன்றாம் மாடி. லிஃப்டுக்குள் கண்ணாடி நுழையவில்லை. அவர் முன்னால், அவள் பின்னால் கீழ்ப்படியில். முதல் மாடிவரை ஒன்றுமில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவள் உள்ளங்கைக்கு அது வந்தது. அதே நடுக்கம். நுண்மையாக, விடாமல், கண்ணாடியின் உடல் முழுதும் ஓடி வந்தது. அவள் தழும்புள்ள கை குளிர்ந்துபோனது. அவருடைய பிடரியில் வியர்வை ஓடுவதை, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்துக்கு மேலே பார்த்தாள். ஒரு படி, இன்னொரு படி. மேலே ஏதோ ஒரு வகுப்பில் சிறுமிகள் தாளத்துக்குக் கால் தட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போது விட்டால் கண்ணாடி அவள் மேல் விழும்; விழுந்தாலும் பரவாயில்லை, அந்தப் பிள்ளைகள் யாரும் கீழே இறங்கி வந்துவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தாள்.

எப்படியோ சேர்த்தார்கள். சுவரில் சாய்த்து வைத்ததும் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். "ஒரு நிமிஷம்" என்றார். வாயில் கிராம்பு.

"தண்ணி வாங்கிட்டு வர்றேன்" என்று அவள் இறங்கினாள். எதிரே இருந்த பெட்டிக்கடையில் தண்ணீரும், அவர் வழக்கமாகப் பிடிக்கும் சிகரெட்டில் ஒரு பாக்கெட்டும் வாங்கினாள். திரும்பி வந்து தண்ணீரைக் கையில் கொடுத்தாள். பாக்கெட்டை அவர் சட்டைப் பையில் வைத்தாள்.

அவர் குனிந்து பையைப் பார்த்தார். "எதுக்கும்மா இது?"

"வச்சுக்கோங்க."

"இல்ல, நான் வந்து..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குத் தெரியும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று படித்துப் பார்க்க அவளுக்கு அன்று நேரமில்லை. திறந்துகொண்டிருந்த ஒரு பழைய கதவை அவள் முழு பலத்தோடு தள்ளிச் சாத்திக்கொண்டிருந்தாள். அவர் மாடிப்படிச் சன்னலுக்குப் போனார். தீக்குச்சி உரசும் ஒலி கேட்டது. புகை வந்தது. திரும்பி வந்தபோது அவர் கை நின்றிருந்தது. நிலைக்கண்ணாடியை ஒரு நூலளவு பிசகாமல் பொருத்தினார்கள். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மனத்துக்குள், தப்பித்தோம், தப்பித்தோம் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பேத்தி நடக்கப் பழகினாள், பேசப் பழகினாள். தாத்தா வேறு சட்டை போட்டுக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய், நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு வருவார். பிறகு மகள் வீட்டு மாடியை ஏற முடியாமல் போனது. பிறகு தன் வீட்டு மாடியையும். மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு நின்றது. குழந்தைகளை அந்த வார்டுக்குள் விடுவதில்லை.

மகள் அவருக்கு நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். வெட்டிக்கொண்டே, யாரிடம் என்றில்லாமல், "ஒரு தடவையாவது விட்டுப் பார்த்திருக்கலாம்" என்றாள்.

"விட்டேன்" என்றார்.

மகள் நிமிர்ந்தாள். "எப்போ?"

"குட்டி... ஆஸ்பத்திரியிலேருந்து உன் வீட்டுக்கு வந்தப்ப. ஒன்பது நாள்."

"அப்புறம்?"

அவர் மனைவியைப் பார்த்தார். "அப்புறம் கை நடுங்கிச்சு."

மகள் மருந்து வாங்கப் போனாள். மனைவி கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அந்த நடன வகுப்பு வேலை அன்னிக்கா?"

அவர் தலையசைத்தார்.

"நீங்க குடிச்சிட்டீங்கன்னு நெனச்சேன்."

அவர் சிரித்தார் என்றே சொல்ல வேண்டும். அது இருமலாகத்தான் முடிந்தது. "குடியா? தெரியும்னு சொன்னியே."

"அதான் தெரியும்னு நெனச்சேன்."

"நான் வேற நெனச்சேன்." ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் மூச்சை எட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. "விட்டுட்டேன்னு உனக்குத் தெரியும்... தெரிஞ்சுதான் நீ வாங்கிக் கொடுக்கிறன்னு. கை நின்னாத்தான் கடை. பேத்தியெல்லாம் அப்புறம்... அப்படின்னு நீ சொல்றன்னு."

"அப்படிச் சொல்வேனா நான்?"

"கேக்கலையே நான்."

"நானும் கேக்கலை."

 அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் கை சும்மா இருந்தது; பிடியைத் திருப்பித் தரவும் இல்லை, உதறவும் இல்லை. அந்த மாதம் முடியும் முன்பே அவர் போய்விட்டார்.

வீடு மறுபடியும் நிறைந்தது. படிகளிலெல்லாம் ஆட்கள். சாவிக்காரர் நன்றாகக் குடித்துவிட்டு வந்து, "நான்தானே முதல்ல போகணும்? வைரம், நான்தானே?" என்று கதவு நிலையில் முட்டிக்கொண்டு அழுதார்; நாலு பேர் அவரைத் தாங்கி இறக்கினார்கள். அண்ணன் வந்தவர்களிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "கடைசிவரைக்கும் ஒரு சொட்டுத் தொடலை. நிமிர்ந்து போனாரு என் மாப்பிள்ளை." அவர் நம்பித்தான் சொன்னார். சாவிக்காரரின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு காதோடு சொன்னாள்: "நீ ஜெயிச்சுட்டடி. என்னால முடியலை."

அவள் அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? குடி தனக்குச் செய்ததற்குத் தழும்பு இருந்தது. கேட்டவர்களுக்குக் கையைத் திருப்பிக் காட்டலாம். இதற்குக் காட்ட எதுவும் இல்லை. அவள் தன் கையால் வாங்கியது. தன் கையால் சட்டைப் பையில் வைத்தது.

தன்னோடு வந்து இருக்கும்படி மகள் அழைத்தாள். மெத்தை வேண்டாம், திரைச்சீலை வேண்டாம், கம்பளி வேண்டாம், உடுத்திய துணியோடு வந்தால் போதும் என்றாள். அவள் போகவில்லை. பெயிண்டரை வரச்சொல்லிச் சுவர்களுக்கு வெள்ளை அடிக்கச் சொன்னாள். பெயிண்டர் ஒரு முறை அடித்தார். பழுப்பு மேலே வந்தது. இன்னொரு முறை அடித்தார்.

"என்னம்மா இது, உள்ளேருந்து ஊறி வருது. புகைபோக்கியா இருந்துச்சா இந்த ரூம்?"

"இன்னொரு தடவை அடிங்க."

"அடிக்கலாம். நிக்காது."

பேத்தி இன்னும் அந்த வீட்டுக்கு வரவில்லை.

அவர் குடித்தது பதினோரு ஆண்டுகள். குடிக்காமல் புகைத்தது இருபத்திரண்டு ஆண்டுகள்.